நிழலும் ஓர் அமானிதம்

நாம் ஒருவர்மீது கொண்ட அன்பு, அவர் நமக்குத் தராத ஒன்றை எடுத்துக்கொள்ளும் உரிமையை நமக்கு அளித்துவிடுமா?

கேள்வியாகக் கேட்டால் விடை எளிது. அன்பு வேறு, உரிமை வேறு என்று எவரும் சொல்லிவிடுவர். முப்பதாண்டுகளாக மதரஸாவில் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளுக்கு நானும் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அன்புக்குரியவர் நம்மை ஈன்ற தாயாக இருந்து, அவர்கள் தர மறுத்தது தம் முகத்தின் நிழலாகவும் இருந்து, அவர்கள் மண்ணறை ஏகிய பின் அந்த நிழல் நம் கைக்கெட்டும் தொலைவில் வந்து நின்றால், விடை அத்தனை எளிதாக நாவில் வருவதில்லை. எனக்கு அப்படியொரு வேளை வந்தது. அதனை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தங்கையின் மகள் 2022-ஆம் ஆண்டில் சென்னைக் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல் பயின்றுகொண்டிருந்தாள். அவளுடைய ஆசிரியர் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரே ஒரு பிலிம் சுருள். அதில் முப்பத்தாறு படங்கள். பொருள், அவரவர் குடும்பத்தின் கதை. சுருளைத் தம் கையாலேயே கழுவ வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு மூன்று வரிகள் எழுத வேண்டும். கதையை யாரிடம் கேட்டார்களோ அவர் பெயரையும் குறிக்க வேண்டும். கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அறிவிப்பாளர் வரிசையின்றி ஒரு செய்தியையும் ஏற்காத ஹதீஸ் கலையைக் கற்றவனுக்கு அது பிடிக்காமற்போகுமா?

விடுமுறைக்குக் காயல்பட்டினம் வந்தவள் கையில், என் மூத்த காக்கா 1983-இல் சவூதியிலிருந்து கொண்டுவந்த பென்டாக்ஸ் கே 1000 கேமரா இருந்தது. நாங்கள் இளைஞராயிருந்தபோது திருமண வீடுகளில் ஓசையெழுப்பித் திரிந்த அந்தக் கருவி, பல்லாண்டுகள் அலமாரியில் உறங்கிவிட்டு மீண்டும் விழித்திருந்தது. “செல்போனில் ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கிறீர்களே, இது எதற்கம்மா?” என்று கேட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள்.

பிலிமின்மேல் பூசப்பட்டிருப்பது வெள்ளி உப்பின் நுண்மணிகள். இமைப்பொழுது ஒளி பட்டதும் அவற்றில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஆயினும் அந்நேரத்தில் பிலிமை எவரேனும் பார்க்க முடிந்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. உருவம் இருக்கிறது, ஆனால் மறைந்திருக்கிறது. பின்னர் டெவலப்பர் என்னும் மருந்தில் இட்டால்தான் ஒளி பட்ட மணிகள் கரிய வெள்ளியாக மாறி உருவம் வெளிப்படும். ஒளி படாத மணிகளை ஹைப்போ கரைத்து நீக்கிவிடும். எஞ்சுவது நெகட்டிவ். அதில் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் இருக்கும். “மாமா, படம் எடுப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் நடுவில் பல நாள் இருக்கும். இடையில் அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது” என்றாள்.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்களின் நினைவு எனக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருண்ட அறையின் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு அவர்கள் ஆராய்ந்தார்கள். கிரகண வேளையில் சூரியனின் பிம்பம் அத்துளை வழியே பிறை வடிவாக விழுவது ஏன் என்று தனி நூலே எழுதினார்கள். அவர்களின் அறைச் சுவரில் விழுந்த பிம்பம் ஒளி மறைந்ததும் மறைந்துவிடும். அதனை நிலைநிறுத்தும் வழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்டுபிடித்தது. நிலைத்துவிட்டதனால்தான் அது யாருக்குச் சொந்தம் என்ற வினாவும் பிறந்தது.

இனி என் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உம்மா 1939-இல் பிறந்தவர்கள். தமிழெழுத்து அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் நல்ல பயிற்சி உடையவர்கள். பன்னிரண்டு வயதிலிருந்தே எங்கள் முடுக்கிலுள்ள பெண்களுக்கெல்லாம் கடிதம் படித்துக் காட்டுவதும் பதில் எழுதிக் கொடுப்பதும் அவர்கள்தாம். ஊரின் ஆண்கள் பலர் கொழும்பில் மாணிக்க வணிகத்தில் இருந்த காலம் அது. கணவனின் கடிதம் வந்தால் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு பெண்கள் உம்மாவிடம் வருவார்களாம்.

பேத்தி இக்கதையைக் கேட்டு வியந்து, “உம்மம்மா, அந்தக் கடிதங்களில் என்னவெல்லாம் இருக்கும்?” என்று கேட்டாள்.

“அது அவங்க காயிதம்” என்றார்கள் உம்மா. அவ்வளவுதான். எழுபதாண்டுகள் கழிந்துவிட்டன, எழுதியவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. அப்போதும் அந்தக் கடிதங்களின் ஒரு சொல்லைக்கூட அவர்கள் சொல்லவில்லை. தாம் படித்துக் காட்டிய செய்தி தம்முடைய கதை. படிக்கப்பட்டது பிறர் கதை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை எந்த மதரஸாவிலும் ஓதாமலேயே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பேத்தி படம் எடுக்க அனுமதி கேட்டபோது உம்மா மகிழ்ச்சியுடன் இசைந்தார்கள். “வூட்ட எடு, பெட்டிய எடு, கிதாப எடு. ஒனக்கு என்ன கதை வேணுமோ கேளு, சொல்றேன். மொகம் மட்டும் வாணாம்” என்றார்கள். ஹஜ்ஜுக்குச் செல்லப் பாஸ்போர்ட்டுக்காக ஒரு முறை, பிறகு வாக்காளர் அட்டைக்கும் ஆதாருக்கும் என்று, அரசு கேட்டபோது மட்டுமே அவர்கள் கேமராவின் முன் அமர்ந்தவர்கள். “கவருமெண்டுக்குக் குடுத்த மொகம் போதும்” என்பது அவர்களின் தீர்ப்பு.

பேத்தி விடவில்லை. அவள் கையில் ஒரு வலுவான சான்று இருந்தது. உம்மாவின் மரப்பெட்டியில், பட்டுத் துணியில் சுற்றிய ஒரு பழைய படம் உண்டு. உம்மாவின் வாப்பா, அதாவது என் பாட்டனார், கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்து ஊருக்கு அனுப்பிய படம். உம்மாவுக்கு எட்டு வயதாயிருந்தபோது அவர்கள் அங்கேயே மறைந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். தந்தையின் முகத்தை உம்மா அறிந்ததும், பாட்டனாரின் முகத்தை நான் அறிந்ததும் அந்த ஒரு படத்தால்தான். “உங்கள் வாப்பாவின் படத்தை எழுபது வருடம் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே உம்மம்மா, நாங்கள் உங்கள் படத்தை வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று அவள் கேட்டாள்.

உம்மா சொன்ன மறுமொழி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

“எங்க வாப்பா கொழும்புல இருந்தாஹ. பாக்க வழியில்லே, படத்தப் பாத்தோம். நான் ஒன் கண்ணு முன்னாலதானே இருக்கேன்? என்னையப் பாரு.”

அவள் கேமராவைக் கீழே வைத்தாள். பத்து நாட்கள் கதை கேட்டாள். மாலை வேளைகளில் நானும் அருகிருந்தேன். உம்மாவின் வாழ்வில் நான் அறியாத எத்தனையோ செய்திகளை அப்போதுதான் அறிந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஐம்பதாண்டுகள் மகனாக இருந்தும் நான் கேட்காத கேள்விகளை அந்தச் சிறுமி கேட்டாள். கதை கேட்டதும் மறுநாள் காலையில் அதற்குரிய பொருளைப் படம் எடுப்பாள். அம்மி, கிணற்றுச் சகடை, பெட்டியின் பூட்டு, உம்மா கடிதம் எழுதிய மரப்பலகை, பெண்கள் வந்துபோன முடுக்கு. ஒரு நாளில் ஒரு சில படங்களுக்கு மேல் எடுத்ததில்லை.

அதன் பின் அவள் சென்னை சென்றாள். பதினைந்தாம் நாள் உம்மா காலமானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன்.

இரண்டு மாதங்களுக்குப் பின் அவள் என்னைத் தேடி வந்தாள். முகம் வாடியிருந்தது. மேசைமேல் அந்தச் சுருளை வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு சொன்னாள்: “மாமா, இருபத்து மூன்றாவது படம் உம்மம்மாவின் முகம்.”

லுஹர் தொழுதுவிட்டு உம்மா சாளரத்தருகே அமர்ந்து கிதாபு ஓதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து வெயில் முகத்தில் விழுந்திருக்கிறது. “மனம் நினைப்பதற்குள் கை எடுத்துவிட்டது” என்றாள். அந்தக் கேமராவின் ஓசை சற்றுப் பெரிது. ஆனால் உம்மாவுக்குச் செவி மந்தம். அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டும் கேளாதவர் போல் இருந்தார்களா, கேட்கவே இல்லையா என்பது இன்றளவும் எங்களுக்குத் தெரியாது. ஊரை விட்டுப் புறப்படுமுன் சொல்லிவிட வேண்டுமென்று அவள் நினைத்திருக்கிறாள். நாணத்தால் தள்ளிப் போட்டிருக்கிறாள். அடுத்த விடுமுறையில் சொல்லலாம் என்றிருக்கிறாள். அடுத்த விடுமுறையில் உம்மா இல்லை.

“சுருளை வெளியே இழுத்து வெயிலில் காட்டினால் எல்லாம் அழிந்துவிடும் மாமா. செய்துவிடட்டுமா?” என்று கேட்டாள். இருபத்து மூன்றாம் படத்தை மட்டும் அழிக்க வழியில்லை. முப்பத்தாறும் ஒரே பட்டையில் இருக்கின்றன. ஒன்றைக் கழுவினால் அனைத்தையும் கழுவ வேண்டும். ஒன்றை அழித்தால் அனைத்தையும் இழக்க வேண்டும். அவற்றுள் உம்மா இருந்தபோது அவ்வீடு இருந்த நிலையும் இருக்கிறது. உம்மா மறைந்த இரண்டு மாதத்தில் அந்தப் பொருள்களில் பாதி இடம் மாறிவிட்டிருந்தன.

நான் உடனே விடை சொல்லவில்லை. ஒரு நாள் தவணை கேட்டேன். அன்றிரவு என் மனத்தில் நடந்த வழக்கை அப்படியே சொல்லுகிறேன்.

ஒளிப்படம் ஆகுமா ஆகாதா என்ற பழைய விவாதத்தை முதலில் ஒதுக்கினேன். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள் இது ஆகும் என்று தனி நூல் எழுதினார்கள். கருவி ஓர் உருவத்தைப் படைப்பதில்லை, இறைவன் படைத்த உருவத்தின் நிழலைத் தடுத்து நிறுத்துகிறது என்பது அவர்களின் வாதம். நம் தமிழிலும் ‘நிழற்படம்’ என்ற சொல் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. இதனை ஏற்காத ஆலிம்களும் உளர். ஆனால் என்முன் இருந்தது அந்த வினா அன்று. நிழலைப் பிடிப்பது ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், நிழலுக்குரியவர் வேண்டாம் என்று சொன்ன பின் பிடிக்கலாமா என்பதே வினா.

இவ்வினாவை உலகமும் அதிகமாகக் கேட்டதில்லை. எகிப்தியப் படை அதிகாரியான முஹம்மது சாதிக் பே 1861-இல் மதீனாவைப் படம் பிடித்தார். 1880-களில் மக்காவின் மருத்துவர் அப்துல் கஃப்பார் தம் ஊரையும் ஹாஜிகளையும் படம் பிடித்தார். அவர் எடுத்த படங்கள் 1889-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் நூலாக வெளிவந்தபோது அவர் பெயர் அதில் இடம்பெறவில்லை. இந்த அநீதியைப் பற்றி இன்று அறிஞர்கள் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படங்களில் நம்மை நோக்கிக்கொண்டிருக்கும் முகங்களுக்கு உரியவர்கள் தங்கள் நிழல் இத்தனை தொலைவு செல்வதற்கு இசைந்தார்களா? எடுத்தவரின் உரிமைக்கு வழக்காடுவோர் பலர். எடுக்கப்பட்டவரின் உரிமைக்கு வழக்காடுவோர் சிலரே.

அடுத்து, என் மனம் ஒரு தந்திரம் செய்தது. ஒரு விதி அதன் காரணத்தோடு சுழலும், காரணம் நீங்கினால் விதியும் நீங்கும் என்பது உஸூல் கலையில் நாங்கள் ஓதும் பாடம். உம்மா மறுத்ததற்குக் காரணம் என்ன? “நான் உன் கண்முன் இருக்கிறேன்” என்பதுதானே? இப்போது அவர்கள் கண்முன் இல்லை. கொழும்பில் இருந்த வாப்பாவைப் போல் அவர்களும் காணவியலாத தொலைவுக்குச் சென்றுவிட்டார்கள். ஆகவே காரணம் நீங்கிற்று, தடையும் நீங்கிற்று!

வாதம் அழகாக இருந்தது. அழகாக இருந்ததனாலேயே எனக்கு ஐயம் பிறந்தது. இந்த முடிவை விரும்புகிறவன் நான். அந்த முகத்தை இன்னொரு முறை காண என் நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. தனக்கு வேண்டிய தீர்ப்பைத் தானே எழுதும் நீதிபதியை நாம் ஏற்பதில்லை. மேலும், எண்பதைக் கடந்த ஒரு பெண்மணி தாம் ஒருநாள் கண்முன் இல்லாமற்போவோம் என்பதை அறியாமலா பேசியிருப்பார்கள்? “நான் போன பிறகு எடுத்துக்கொள்” என்று அவர்கள் சொல்லவில்லையே! உயிரோடிருப்பவரின் சொல்லுக்கு நாம் பொருள் கூறினால், தவறானபோது அவர் நம்மைத் திருத்துவார். மறைந்தவரின் சொல்லை நம் விருப்பத்துக்கு வளைத்தால் திருத்த ஆளில்லை. ஆகவேதான் அங்கே நாம் இன்னும் அதிகமாக அஞ்ச வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அவர்கள் சொன்ன கதைகள்? அவற்றையும் மூடிவைக்க வேண்டுமா? இங்கே ஹதீஸ் கலை எனக்கு வழிகாட்டியது. இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் முகத்திமாவில் ஒரு நுட்பமான பிரச்சினையை ஆராய்கிறார்கள். ஆசிரியர் ஒரு செய்தியை மாணவனுக்கு அறிவித்த பின், அதில் பிழை என்றோ ஐயம் என்றோ கூறாமல், வெறுமனே தம் வாயிலாக அதை அறிவிக்க வேண்டாமென்று சொன்னால் மாணவன் அறிவிக்கலாமா? அறிவிக்கலாம் என்பதே அவர்களின் முடிவு. ஏனெனில் தெரிந்தே கொடுத்த ஒன்றைக் கேட்டவன் கேட்டவனே. உம்மாவோ அப்படித் தடுக்கவுமில்லை. எழுது என்றே சொல்லித் தந்தார்கள். கதைகள் அவர்கள் தந்தவை. முகம் அவர்கள் தராதது. தந்ததைத் தயங்காமல் சொல், தராததைத் தொடாதே. கோடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபோது நான் எழுந்து தஹஜ்ஜுத் தொழுதேன்.

அல்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் பிறர் இல்லத்தில் அனுமதியின்றி நுழையலாகாது என்றும், திரும்பிச் செல்லும்படி கூறப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மை என்றும் கற்பிக்கிறது. இந்த அனுமதி எதன்பொருட்டு விதிக்கப்பட்டது? பார்வையின்பொருட்டே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விளக்கத்திலிருந்து நாம் அறிவது. காலடி உள்ளே வைக்காமல் கதவிடுக்கு வழியே நோக்குவதும் நுழைவதற்கு ஒப்பானதே. மனிதனின் முகமும் ஒரு வாயில்தான். கேமராவின் சிறு துளை வழியே நாம் அதனுள் எட்டிப் பார்க்கிறோம். பேத்திக்கு வீடு முழுவதும் திறந்திருந்தது. ஓர் அறையின் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

மறுநாள் அவளிடம் சொன்னேன்: “சுருளைக் கழுவு. முப்பத்தைந்து படங்களுக்கு அனுமதி உண்டு. ஒரு தவறுக்காக அனுமதிக்கப்பட்டவற்றை அழிப்பது வீண்விரயம். அந்த ஒன்றை அச்சிடாதே.”

அன்றிரவு எங்கள் வீட்டுக் குளியலறையே இருட்டறையாயிற்று. மருந்து இருபது டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டுமாம். நம் ஊர் வெக்கைக்கு அது எங்கே இருக்கும்? ஐஸ் கட்டிகள் மிதக்கும் வாளியில் மருந்துப் புட்டிகளை வைத்துக் குளிரச் செய்தோம். விளக்கை அணைத்துவிட்டுத் தடவித் தடவிச் சுருளைக் குடுவையில் ஏற்றினாள். பத்து நிமிடம் டெவலப்பர், பிறகு ஹைப்போ, பிறகு நீர். ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கவிட்டாள். காய்ந்ததும் ஆறு ஆறு படங்களாக நறுக்கினாள். பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரையிலான துண்டை என் கையில் தந்தாள்.

வாசகரிடம் மறைக்க மாட்டேன். விளக்கின் எதிரே அதைச் சற்று உயர்த்தினால் போதும். நெகட்டிவில் கருமை வெண்மை மாறியிருக்கும். முகம் முழுமையாகத் தெரியாது. ஒருமுறை பார்த்தால் என்ன என்று மனம் கெஞ்சியது. நான் உயர்த்தவில்லை. அதற்குக் காரணம் என் இறையச்சம் என்று சொல்லிக்கொள்ளத் துணிவில்லை. கை நடுங்கியது, பார்த்துவிட்டால் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்தது, கொடுத்துவிட்டேன். அவள் பிஸ்மில்லாஹ் சொல்லி அந்த ஒரு படத்தைக் கத்தரித்து எடுத்துச் சிறு சிறு துண்டுகளாக்கினாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

என் உடன்பிறந்தோர் அனைவரும் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. காக்கா, “பேரப்பிள்ளைகள் பார்க்க ஒன்றுகூட இல்லையே, எங்களைக் கேட்டிருக்க வேண்டாமா?” என்று வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. நானும் அவர்களைக் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் என் உறுதி குலையுமென்று கேட்கவில்லை. அது என் குறை. வேறோர் ஆலிம் வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தால் அவரை நான் குறை கூறவும் மாட்டேன். கொழும்பிலிருந்து வந்த பாட்டனாரின் படம் இல்லையேல் என் இளமை எத்தனை வறியதாக இருந்திருக்கும் என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் அந்தப் படம் அவர்கள் தாமே அமர்ந்து எடுத்து, தாமே உறையிலிட்டு அனுப்பியது. அது ஒரு கொடை. நாங்கள் அழித்தது கொடையன்று.

பயிற்சியை ஒப்படைக்கும்போது இருபத்து மூன்றாம் இடத்தை வெறுமையாக விட்டு, ‘உம்மம்மா அனுமதிக்கவில்லை’ என்று எழுதிவைக்க அவள் விரும்பினாள். பார்ப்பவர் மனத்தை அது தொடும் என்றாள். தொடும்தான். “ஆனால் அம்மா, முகத்தை மறைத்தவர்களின் மறைவையே காட்சிப் பொருளாக்குவதும் காட்டுவதுதானே?” என்றேன். சிறிது நேரம் எண்ணியவள், ஒன்று முதல் முப்பத்தைந்து வரை எண்ணிட்டு ஒப்படைத்தாள். ஒரு படம் குறைந்ததற்கு ஆசிரியர் காரணம் கேட்டபோது, சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னாளாம். அதுவும் உண்மைதான்.

அந்தப் படங்களின் ஒரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. மரப்பலகையின் படத்தின் கீழே கடிதம் எழுதிய கதையும், ‘உம்மம்மா சொல்லக் கேட்டது’ என்ற குறிப்பும் இருக்கின்றன. கடிதங்களில் என்ன இருந்தது என்பது இல்லை. ஊருக்கு வரும் பேரப்பிள்ளைகள் அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உம்மம்மா எப்படி இருப்பார்கள்?” என்று எங்களைக் கேட்கிறார்கள். கேட்பதால் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதற்காக நாங்கள் நினைவுகூர வேண்டியிருக்கிறது. நெற்றியில் இருந்த தழும்பை ஒருவர் சொல்ல, சிரிக்கும்போது கண் மூடுவதை இன்னொருவர் சொல்கிறார்.

என் தங்கை மகளுக்கு அவள் ஆசிரியர் ஒளியையும் அளவையும் கற்பித்தார். ஒருவரின் கதையைச் சொல்ல வருபவன் முதலில் அவரிடம் கேட்டு நிற்க வேண்டும் என்பதை உம்மா கற்பித்தார்கள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் கேமரா இருக்கிறது. பெற்றோரையும் பிள்ளைகளையும் நோயாளிகளையும் ஏன், மையித்தையும்கூட நாம் கேளாமலே எடுத்துக் கேளாமலே அனுப்புகிறோம். அன்பினால்தான் செய்கிறோம் என்பதில் ஐயமில்லை. அந்த அன்பு எடுக்குமுன் ஒரு கணம் நின்று, “எடுக்கட்டுமா?” என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் கருவியைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் கண்முன் இருக்கும்போதே நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

என் உம்மாவின் மண்ணறையை அல்லாஹ் ஒளியால் நிரப்புவானாக. ஆமீன்.